ஒரு வேளைக்கு எவ்வளவு

மலைக்கோட்டைக்குக் கீழே, மொத்த ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. படியேறும்போது புதுத் துணியின் கஞ்சி வாடை கூடவே வரும். ஏழெட்டுப் பேர்தான் வேலை பார்த்தோம். குழந்தையின் எடையையும் மருந்தின் பெயரையும் கொடுத்தால் எவ்வளவு மருந்து தர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு சிறிய மென்பொருள் எங்களுடையது. டாக்டர்களுக்கு நாங்கள் நேரடியாக விற்பதில்லை. கிளினிக்குகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுப்பவர்கள் அதை எடுத்துத் தங்கள் புரோகிராமுக்குள் வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்காக இணையத்தில் ஒரு விளக்கப் பக்கம் வைத்திருந்தோம். இப்படி எழுதினால் இந்த விடை வரும் என்று சின்னச் சின்ன உதாரணங்கள், ஒவ்வொன்றின் கீழும் விடை.

அந்தப் பக்கத்தை எழுதியவரை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். முதலில் ஒரு கான்வென்ட் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர். வீடு மேலப்புதூரில், சர்ச்சுக்குப் பின்னால். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆபீஸில் இருந்த இரண்டே பெண்கள் நாங்கள் என்பதால் மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம். என் தயிர்சாதத்தை அவர் எடுத்துக்கொள்வார். அவருடைய மீன் குழம்பை நான் தொடமாட்டேன் என்று தெரிந்து, எனக்கென்று தனியாக ஒரு பொரியல் கொண்டுவருவார். ஒவ்வொரு உதாரணத்தையும் முதலில் தாளில் போட்டுப் பார்த்து, பிறகு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, வந்த விடையை அப்படியே எடுத்துத்தான் பக்கத்தில் போடுவார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

என் வேலை சோதித்துப் பார்ப்பது. மென்பொருளில் யாராவது ஒரு வரியை மாற்றினால், அதனால் வேறெங்காவது உடைந்திருக்கிறதா என்று தேடுவது. மென்பொருளுக்கு எல்லாச் சோதனையும் இருந்தது. விளக்கப் பக்கத்துக்கு எதுவும் இல்லை. எழுதியது எழுதியபடி கிடக்கும். வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர், "உங்க உதாரணம் ஒண்ணு ஓடவே மாட்டேங்குது" என்று எழுதியபோதுதான் எனக்கு அது உறைத்தது. பக்கத்தில் இருக்கும் உதாரணங்களை எல்லாம் தானாகவே பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாக ஓட்டி, வரும் விடையைக் கீழே அச்சிட்ட விடையோடு ஒப்பிடும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. விளக்கப் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்ததால், ஒவ்வொரு முடிவுக்கும் நேராக அந்தப் பெயரும் வந்தது. அதை நான் கேட்டுச் சேர்க்கவில்லை. அறிக்கை அச்சாகும் விதமே அப்படி.

முதல் தடவை ஓட்டியபோது திரை முழுக்கச் சிவப்பு. டீச்சர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இதெல்லாம் நான் எழுதுனதா?"

"பயப்படாதீங்க டீச்சர். பாதி சும்மா. ஒரு இடம் விட்டிருக்கும், ஒரு புள்ளி கூட இருக்கும். அதுக்கே இது கத்தும்."

அப்படித்தான் இருந்தது. அந்த வாரம் முழுவதும் இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ஒன்று பச்சையாகும்போதெல்லாம் டீச்சர் மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஆபீஸில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று சொன்னால் அந்த வாரம்தான்.

கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. காய்ச்சல் மருந்து பற்றிய உதாரணம். பக்கத்திலேயே முதலாவதாக இருப்பது. யார் வந்தாலும் முதலில் எடுத்துக்கொள்வது அதைத்தான். பக்கத்தில் போட்டிருந்த விடை நாற்பது மில்லிகிராம். ஓட்டினால் வந்தது நூற்று இருபது.

டீச்சர் தாளை எடுத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். நாற்பதுதான் வந்தது.

"ஒரு வேளைக்கு நாப்பது. மூணு வேளை. என் கணக்குல தப்பில்லயே."

தப்பில்லை. பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். டீச்சர் உதாரணத்தை எழுதியபோது மென்பொருள் ஒரு வேளைக்கான அளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஏதோ பெரிய மருத்துவமனை கேட்டதற்காக, ஒரு நாளைக்கான மொத்த அளவைச் சொல்லும்படி மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் எங்கள் முதலாளியே. சோதனைகளையும் அதற்கேற்ப அவரே மாற்றிவிட்டிருந்தார், அதனால் என்னிடம் எதுவும் கத்தவில்லை. விளக்கப் பக்கத்தை மட்டும் தொடவில்லை. மாற்றியதாக டீச்சரிடம் சொல்லவும் இல்லை. ஆக, அந்த உதாரணத்தைப் பார்த்து 'ஒரு வேளைக்கு' என்று திரையில் எழுதியிருக்கும் எந்த புரோகிராமும் இப்போது மூன்று மடங்கு மருந்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் தானே வந்து ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பவர். போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மாத்திடுங்க. முடிஞ்சுது" என்றார்.

"சார், இனிமே பாக்குறவங்களுக்கு முடிஞ்சுது. இதுவரைக்கும் இதப் பாத்து எழுதினவங்க?"

"டாக்டர்னு ஒருத்தர் இருக்காரும்மா. அவருக்குத் தெரியாதா எவ்வளவு குடுக்கணும்னு?"

"எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடலாம் சார். அவ்வளவுதான்."

"மெயில் போட்டா என்ன ஆகும் தெரியுமா? நம்ம கத முடிஞ்சுது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "யார் யார் எடுத்தாங்கன்னு லிஸ்ட்டே நம்மகிட்ட கிடையாது. நெட்லேருந்து இறக்கிக்கறவங்க இறக்கிக்கறாங்க. யாருக்குன்னு போடுவீங்க?" என்றார்.

அது உண்மைதான். ஆனால் லால்குடியில் இருக்கும் ஒரு குழந்தைகள் கிளினிக்கை எனக்குத் தெரியும். அவர்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் ஏதோ சந்தேகம் கேட்டு என்னிடம் போனில் பேசியிருக்கிறார். அவருக்கு அடித்தேன். துபாயிலிருந்து எடுத்தார். "நான் அத விட்டு ரொம்ப நாளாச்சுங்க. அவங்ககிட்ட நீங்களே கேட்டுக்கங்க" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினேன். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லால்குடியில் இறங்கி விசாரித்துப் போனேன். வாசலில் செருப்புகள், உள்ளே இருமல், ஒரு குழந்தையின் ஓயாத அழுகை. பேஷண்டாக டோக்கன் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். வேறு வழி தெரியவில்லை.

டாக்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. "குழந்தை எங்கம்மா?" என்றார்.

"குழந்தை இல்லைங்க டாக்டர். உங்க கம்ப்யூட்டர்ல மருந்து அளவு காட்டுதுல்ல, அதச் செஞ்ச இடத்துலேருந்து வரேன். ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கணும்."

"அது நல்லாத்தானே ஓடிட்டிருக்கு. இப்போதான் மெஷின் கெட்டுப்போயி எல்லாத்தையும் புதுசா ஏத்தினோம்."

புதிதாக ஏற்றினால் எங்கள் புதிய பதிப்புதான் வந்து உட்கார்ந்திருக்கும். டாக்டர் கம்ப்யூட்டரைக் காட்டி உட்காரச் சொன்னார். டீச்சரின் உதாரணத்தில் இருந்த எடையையே அடித்தேன். 'ஒரு வேளைக்கு' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நூற்று இருபது என்று வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். அவர் எதையும் கேட்பதற்கு முன் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெளியே எட்டிப் பார்த்து, "கொஞ்சம் இருங்கம்மா, கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நான் இதப் பாக்கறதே இல்ல. மனசுலயே போட்டு எழுதிடுவேன்" என்றார். பிறகு, "சாயங்காலம் ட்யூட்டிக்கு ஒரு டாக்டர் வராரு. இப்போதான் படிச்சு முடிச்சவரு. அவரு இதப் பாத்துத்தான் எழுதறாரு" என்றார்.

"இதுவரைக்கும் எழுதினத எடுத்துப் பாக்க முடியுமா டாக்டர்?"

"சீட்டு அவங்க கையில குடுத்துடுவோம். எங்ககிட்ட என்ன இருக்கும்? இதுல சேத்து வெக்கிற மாதிரி புரோகிராம் எழுதினவரு செஞ்சு தரல."

"யாராவது திரும்ப வந்தாங்களா? வாந்தி, அந்த மாதிரி..."

"வாந்தி இல்லாம எந்தக் குழந்தைம்மா இங்க வருது?" என்றார். "ரொம்ப முடியாமப் போச்சுன்னா இங்க வரமாட்டாங்க. நேரா திருச்சிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அங்கேருந்து யாரும் எனக்கு போன் பண்ணிச் சொல்லப்போறதில்ல." பிறகு சொன்னார், "ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம். ரெண்டு நாள் மருந்துதானே. பாதித் தாய்மாருங்க முழுசாக் குடுக்கறதே இல்ல."

அவர் எனக்காக அதைச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கம்ப்யூட்டரில் அந்த மருந்துக் கணக்கை மூடி, அதன் ஐகானையே திரையிலிருந்து எடுத்துவிட்டார். நான் கிளம்பும்போது, "இத நீங்க போன்ல சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பின் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. "வந்து காட்டிட்டீங்க. இனிமே நான் என்ன பண்றது, சொல்லுங்க? யாரைத் தேடிப் போறது?"

திரும்பி வர ரயிலுக்கு நேரமிருந்தது. பஸ்ஸில் வந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். ஒரு கிளினிக்கில் நின்றுபோனது, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். டோல்கேட் வருவதற்குள் அந்த ஆறுதல் தீர்ந்துவிட்டது. பெயர் தெரிந்த ஒரு இடத்துக்குத்தான் போய்விட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை நான் போவதற்குள் டாக்டர் முதலாளிக்கு போன் செய்திருந்தார். கத்தினாராம். கேஸ் போடுவேன் என்றாராம். முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கையில் என் சோதனையின் அறிக்கை, முதல் தடவை ஓட்டியபோது வந்தது. தாள் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் நேராக டீச்சரின் பெயர்.

"டாக்குமென்ட் யார் பொறுப்பு?" என்றார்.

டீச்சர், "என் பொறுப்பு சார்" என்றார். "ஆனா நான் ஓட்டிப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

"அப்புறம் ஏன் இத்தன சிவப்பு?"

நான் எழுந்து நின்றேன். "சார், அந்தக் கணக்க மாத்துனது நீங்க. தேதியோட இருக்கு. டீச்சர் எழுதுனதுக்கு அப்புறம் மாத்தியிருக்கீங்க. அவங்ககிட்ட யாரும் சொல்லல."

"மென்பொருள் மாறும்மா. மாறிட்டேதான் இருக்கும். அதுகூட சேந்து டாக்குமென்ட் மாறணும். அதுக்குத்தான் ஒருத்தருக்குச் சம்பளம்." என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே பேசினார். "இத நான் சொல்லலியே. நீங்க எழுதுன புரோகிராமே சொல்லுது."

கீழே கடையில் மூட்டை இறக்கும் ஆட்கள் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டு லோன், ஸ்கூல் ஃபீஸ். டீச்சர் அன்றே டிராயரைக் காலி செய்தார். சாப்பாட்டு டப்பா, ஒரு ஜெபமாலை, கணக்குப் போட்ட தாள்கள். தாள்களைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். நான் படி வரைக்கும் கூடவே போனேன். திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

டாக்டர் கேஸ் எதுவும் போடவில்லை. போட்டால் அவர் பெயரும்தானே வெளியே வரும். என்னை வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை. உதாரணங்களை ஓட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். "சும்மா பீதியக் கெளப்புது" என்றார் முதலாளி. அந்த முதல் உதாரணத்தில் நாற்பதை அழித்து நூற்று இருபது என்று போட்டார்கள். 'ஒரு நாளைக்கு' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி நான் மூன்று பேரிடம் கேட்டும் நடக்காமல், கடைசியில் நானே சேர்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து மேலப்புதூருக்குப் போனேன். டீச்சர் கதவைத் திறந்து, "வாங்க" என்றார். 'வா' என்று கூப்பிடுகிறவர். காபி கொடுத்தார். அவர் கணவர் வந்து விசாரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். டியூஷன் எடுப்பதாகச் சொன்னார், பிறகு அதையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "கூட்டிச் சொன்னா பயமா இருக்கு. ரெண்டு தடவ, மூணு தடவ சரி பாக்கறேன். பசங்க சிரிக்கறாங்க."

"டீச்சர், உங்க தப்பு இல்ல. நீங்க எழுதினப்போ அது சரி. நான் பழசையே ஏத்தி ஓட்டிப் பாத்தேன். நாப்பதுன்னுதான் வருது."

"தெரியும்."

"அப்புறம் என்ன டீச்சர்?"

"படிச்சது நான் எழுதுனதத்தானே? உள்ள என்ன மாறுச்சுன்னு அவங்களுக்குத் தெரியுமா? நான் சொன்னத நம்பித்தானே எடுத்து வெச்சாங்க." டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அந்தக் குழந்தைங்கள்ல ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல டீச்சர்."

"தெரியாது" என்றார். கேள்வியாக அல்ல. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, "இனிமே வராதீங்க, என்ன? உங்களப் பாத்தா அந்தத் தாள்தான் ஞாபகம் வருது. நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க, எனக்குத் தெரியும். ஆனா வராதீங்க" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் இன்னொரு தடவை போயிருப்பேன்.

அதற்குப் பிறகு கம்பெனியை ஹைதராபாத்தில் யாரோ வாங்கினார்கள். வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு ஏதோ ஒன்று. எங்கள் மருந்துக் கணக்கை அப்படியே நிறுத்தினார்கள். விளக்கப் பக்கமும் போயிற்று. போயிற்று என்று நினைத்தேன். ஆனால் பழைய நாற்பதோடு அது இணையத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் பிரதியாகக் கிடந்தது. யாரோ பாடம் எடுக்க வைத்திருந்தது, யாரோ கேள்விக்குப் பதிலாக ஒட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் எழுதினேன். ஒருவர் நன்றி சொல்லி எடுத்துவிட்டார். இன்னொருவர், இந்த உதாரணம் பலருக்குப் பயன்பட்டிருக்கிறது, எடுக்க மாட்டேன் என்றார். மற்றவர்கள் பதில் போடவில்லை. இப்போது எல்லோரும் புரோகிராம் எழுத உதவிக்கு வைத்துக்கொள்ளும் அந்தப் பேசும் இயந்திரத்திடம் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். டீச்சரின் உதாரணத்தை வரி மாறாமல் எழுதிக் காட்டி, கீழே விடை நாற்பது என்றது. தவறு என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டது. மறுநாள் புதிதாகக் கேட்டபோது மறுபடியும் நாற்பது என்றது.

நான் இப்போது கன்டோன்மென்ட்டில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அங்கே சோதிப்பதற்கு என்னிடம் விளக்கப் பக்கம் எதுவும் தரப்படவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, மாலையில் அதிலேயே திரும்பிவிடுகிறேன்.

போன மாதம் கீழ் வீட்டுப் பெண் தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். சீட்டு அச்சடித்தது, எழுத்து சின்னதாக இருந்தது. "இதுல எத்தன எம்.எல்.னு படிச்சுச் சொல்லுங்கக்கா, கண்ணாடிய அங்கயே மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்" என்றாள்.

படித்தேன். 'ஒரு வேளைக்கு' என்று இருந்தது.

"பாப்பா எத்தன கிலோ?"

சொன்னாள். மனதில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. மறுபடியும் போட்டேன்.

"எடை அங்கயே பாத்தாங்களா? இல்ல நீங்க சொன்னீங்களா?"

"அங்கதான் பாத்தாங்க. ஏன்க்கா?"

"ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு அவங்க வாயால சொன்னாங்களா?"

"சொன்னாங்க. என்னாச்சுக்கா, தப்பா இருக்கா?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு" என்றேன். ஆனால் சீட்டை அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கம்ப்யூட்டர் இதை அச்சடித்தது, அதற்குள் யார் எழுதியது இருக்கிறது என்று அந்தத் தாளில் எதுவும் இல்லை. குழந்தை முனகியது. அவள் வந்து என் விரல்களிலிருந்து சீட்டை மெல்ல உருவிக்கொண்டாள்.

"நான் கடையிலயே கேட்டுக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். குழந்தைக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மாடியிலிருந்து பார்த்தேன், வாசலில் தவழ்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் எதைப் படிக்கவும் என்னிடம் வருவதில்லை.